செவ்வாய் அரை மணி நேரம் தாமதம்

பிரிண்டர் கத்தி முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் கல்யாணம் நின்றுவிட்டதென்று.

அந்தக் காலத்துப் பிரிண்டர் சாதுவாக அச்சடிக்காது, கத்தும். எங்களுடையதற்குத் தமிழும் தெரியாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கும். அப்படி எழுதினால் ‘பொருந்தும்’ என்பதற்கு ஒன்பது எழுத்து. ‘பொருந்தாது’ என்பதற்குப் பதினொன்று. நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே குந்தியிருந்த எனக்கு, தாளைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிட முடியும். அன்று கடைசி வரியில் அது ஒரு சிமிட்டு நேரம் கூடுதலாகக் கத்தியது.

எதிர் நாற்காலியில் பாக்கியம் அம்மா. கைப்பை மடியில், கண் பிரிண்டர் மேல். தன் மகன் தாமுவுக்கும் ஒரு பெண்ணுக்கும் பொருத்தம் பார்க்க வந்திருந்தார். அந்தப் பெண் நான்தான். பட்டனை அழுத்தியதும் நான்தான். இதைவிடக் கேவலம் ஒரு பெண்ணுக்கு வருமா, சொல்லுங்கள்!

“என்னாம்மா சொல்லுது?” என்றார்.

“பொருந்தாதுன்னு சொல்லுதுங்க. எனக்குச் செவ்வாய் தோஷமாம்.”

“ஐயோ பாவம்லா நீ” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். “நல்ல பொண்ணாத்தான் தெரியுற. ஆனா கம்ப்யூட்டரே சொன்ன பெறகு நாம என்னா செய்யிறது?”

தாளை வாங்கி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். போய்விட்டார்.

செருப்பைக் கழற்ற வேண்டிய இடம்

கும்பிடு என்றதும் சிரிக்காதீர்கள். கோலசிலாங்கூர் பட்டணத்தில், காதர் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கீழே மீ கோரேங் வாணலிச் சத்தம், மேலே பிரிண்டர் சத்தம். தூசி போகக்கூடாது என்று, கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வோம்.

தோட்டத்து சனங்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். குளுகுளு அறை, மங்கிய வெளிச்சம், நடுவில் ஒரு பெட்டி, செருப்புப் போடக்கூடாது. அப்புறம் என்ன? கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் ஒருவர் உள்ளே வந்ததில்லை. பாக்கியம் அம்மா அன்றைக்கு ஓர் எலுமிச்சம்பழமே கொண்டுவந்து மானிட்டர் தலையில் வைத்தார். அது உருண்டு பின்னால் ஒயர்களுக்குள் விழுந்து, காய்ந்து சுண்டைக்காய் ஆகும்வரை அங்கேதான் கிடந்தது.

போன வாரம் இதே பகுதியில் என் டைப்பிங் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரவாங் வாசகி ஒருவர், “நீங்கள் டைப்பிஸ்ட்டா, புரோகிராமரா?” என்று கேட்டிருந்தார். அம்மா, நான் புரோகிராமர். ஆனால் பாக்கியம் அம்மா உட்பட ஊரே என்னை டைப்பிஸ்ட் என்றுதான் நம்பியது. பொம்பளைப் பிள்ளை விசைப்பலகையைத் தட்டினால் வேறு என்னவாக இருக்க முடியும்?

‘தெரியாது’ தடை செய்யப்பட்ட அலுவலகம்

நாங்கள் மொத்தம் மூன்று பேர். முதலாளி ராஜன் அண்ணன், கோலாலம்பூரில் டிப்ளோமா படித்தவர். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் மூன்று பேனா. நான் சேர்ந்த முதல் நாளே அவர் எனக்குச் சொன்ன பாடம் இது:

“சரோ, இங்க யாரும் ‘தெரியாது’ன்னு சொல்லக் கூடாது. கஸ்டமர் பயந்துருவான்.”

“வேற என்னாண்ணே சொல்றது?”

“‘ஆகும்’னு சொல்லு.”

அவர் பேச்சைப் பழகிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ‘கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு’ என்றால் இன்னும் தொடங்கவில்லை. ‘மிஷின் யோசிக்குது’ என்றால் புரோகிராம் செத்துவிட்டது. ‘கரண்டு சரியில்ல’ என்றால் தப்பு எங்களுடையது. ஒரு தடவை உண்மையாகவே கரண்டு போய் அறையே இருட்டானது. அண்ணன் பழக்க தோஷத்தில், “கொஞ்சம் பொறுங்க, யோசிக்குது” என்றார். இருட்டுக்குள்ளிருந்து, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் கேட்டார், “லைட்டும் யோசிக்குதா தம்பி?”

பூப்பந்துப் போட்டி கதை இதைவிடப் பிரமாதம். எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்து மன்றம், யார் யாரோடு மோதுவது என்று கம்ப்யூட்டரில் குலுக்கித் தரக் கேட்டது. “ஆகும்” என்றார் அண்ணன். ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் குலுக்கினோம். வந்த பெயர் மறுபடியும் வராமல் தடுக்க மறந்துவிட்டோம். ஓர் ஆட்டத்தில் முனியாண்டியோடு முனியாண்டி மோத வேண்டும் என்று வந்தது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தோட்டத்தில் ஆறேழு முனியாண்டி உண்டு. ஆட்டத்தன்று ஒரு முனியாண்டி மட்டையோடு வந்து நின்றார். இன்னொரு முனியாண்டிக்காகத் தோட்டமே காத்திருந்தது. மன்றத்துச் செயலாளர் சைக்கிளில் பறந்துவந்து கேட்டபோது, ராஜன் அண்ணன் அசரவில்லை.

“எதிராளி வரலன்னா வாக் ஓவர் குடுங்க” என்றார்.

கொடுத்தும்விட்டார்கள். முனியாண்டி தன்னையே தோற்கடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்.

ஆ லெக்கின் பழைய மணி

மூன்றாவது ஆள் ஆ லெக். செகிஞ்சானில் நெல் போடும் குடும்பத்துப் பையன். புரோகிராம் எழுதுவதில் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். ஆனால் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெரியாததைக் கேட்டால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு “தாக் தாவு லா” என்பான். மலாயில், ‘தெரியாதுப்பா’ என்று அர்த்தம்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு மலாயில் திட்டுவார். “டேய், கஸ்டமர் முன்னாடி தாக் தாவு சொல்லாத!”

“தாப்பி பெத்துல் தாக் தாவு லா” என்பான். ஆனால் நிஜமாகவே தெரியாதுப்பா!

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. தினமும் அரை மணி நேரம் தாமதமாக வருவான். கேட்டால், “ஜாம் லாமா” என்பான். பழைய மணி!

இளசுகளுக்கு இது விளங்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புத்தாண்டுக்கு, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்துக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் தள்ளச் சொன்னது அரசாங்கம். தோட்டத்தில் ஒரே கூத்து. பெரட்டுக்கு, அதாவது விடியக்காலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, சனம் கும்மிருட்டில், வேலை வாங்கும் மண்டோரைத் திட்டிக்கொண்டே போனது. கோயில் பூசைக்குக் கூப்பிட்டால், “பழைய மணியா, புது மணியா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

ஆ லெக்கின் அப்பா மட்டும் மசியவில்லை. நன்றாக ஓடுகிற கடிகாரத்தை எதற்குத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டார். சில வருஷம் கழித்தும் அந்த வீட்டில் பழைய மணிதான். ஆ லெக் அதைப் பார்த்து ஒழுங்காகக் கிளம்பி, ஒழுங்காக அரை மணி நேரம் பிந்தி வந்து சேர்வான்.

எனக்குச் செவ்வாய் வந்த கதை

அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று ஒரு கிறுக்கு ஊரெல்லாம் பரவியது. “நம்மகிட்டயும் ஆகுமா?” என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பத்துப் பொருத்தம் பார்க்கும் பகுதியை நான் எழுதினேன். திரையும் பிரிண்டரும் ஆ லெக்குடையவை. லக்னக் கணக்கு மட்டும் அண்ணன் கையில். இந்தியப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்கிவந்து, அவர்களுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம் என்று கணக்குப் போட்டு முடித்தார். “சுத்தமா இருக்கு. தப்பே வராது” என்றார்.

தாமுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. செம்பனை எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எவ்வளவு குளித்தாலும் மேலே லேசாக எண்ணெய் வாடை இருக்கும். காதர் பாய் கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது பழக்கம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அவருடைய அம்மாதான் பாக்கியம் அம்மா. புக்கிட் ரோத்தான் பக்கத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாய்க்கு அவர்தான் ராணி. ஒரே அதட்டலில் முப்பது பிள்ளைகளையும் தூங்கவைப்பார். சாமியாடிகளையும் சோசியர்களையும் நம்பமாட்டார். “மனுசன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது” என்று நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

அன்று அவர் படியிறங்கிப் போன பிறகு நானும் ஓடினேன். கீழே தாமு எத்தனையாவது தே தாரேக் தேத்தண்ணியோ, கோப்பையைப் பிடித்தபடி வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். சங்கதியைச் சொன்னேன்.

“சரோ, நீ எழுதுன புரோகிராம்தானே? அந்தச் செவ்வாயக் கொஞ்சம் அந்தாண்ட நவுத்தி வையேன்!”

“நவுத்துவேன். நாளைக்கு உங்கம்மா அதையும் கண்டுபிடிப்பாங்க. கல்யாணமும் போயிரும், கடையும் போயிரும்.”

“வெள்ளிக்கிழமை தஞ்சோங் காராங்கில வேற பொண்ணு பார்க்கப் போறாங்களாம்” என்றார், அழாத குறையாக. காதர் பாய் இன்னொரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணியின் தோஷம்

மறுநாள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். “உங்க கணக்குல கோளாறு இருக்குண்ணே” என்றேன். ராஜன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கோளாறா? இந்தா, என் ஜாதகத்தையும் உங்க அண்ணி ஜாதகத்தையும் போட்டுப் பாரு. ஜாம்ஜாம்னு வரும்.”

அந்த நேரம் பார்த்து கமலா அண்ணி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். பிரிண்டர் கத்தியது. நீளமாகவே கத்தியது. பொருந்தாது. மனைவிக்குச் செவ்வாய் தோஷம். கணவன் ஆயுளுக்கு ஆகாது.

அண்ணி தாளைப் படித்தார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னாங்க இது? பத்து வருஷமா என் கையால தின்னு தின்னு பூசணிக்கா மாதிரி இருக்கீங்க. உங்க ஆயுசுக்கு என்னா வந்துச்சு? எங்கப்பா அஞ்சு சோசியர்கிட்ட பார்த்தாரு, ஒருத்தன் தோஷம்னு சொல்லல. உங்க பொட்டி மட்டும் சொல்லுதா?”

“கமலா, அது... கரண்டு சரியில்ல...”

“கரண்டா! இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வாங்க, எது சரியில்லன்னு நான் காட்டுறேன்.”

கேரியரை மேசையில் ‘டம்’மென்று வைத்துவிட்டு அண்ணி போக, கதவைத் திறந்துகொண்டு ஆ லெக் உள்ளே வந்தான். வழக்கம்போல அரை மணி தாமதம். அண்ணனுக்குக் கொட்ட ஓர் ஆள் கிடைத்தது.

“டேய்! இப்ப மணி என்னா? ஏன் லேட்டு?”

ஆ லெக் சிரித்தான். “ஜாம் லாமா லா, பாஸ்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

“அண்ணே,” என்றேன், “நான் பொறந்தப்ப பழைய மணிதானே?”

பழைய மணிக்கு இந்தியாவோடு இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். அண்ணன் போட்டதோ இரண்டரை. கடிகாரத்தைத் தள்ளிவைத்ததற்கு முன்னால் பிறந்த அத்தனை பேருக்கும், கல்யாண வயசில் இருந்த அத்தனை பேருக்கும்தான், லக்னம் அரை மணி நேரம் பிசகியிருந்தது. பாதி சிலாங்கூரின் தலையெழுத்தை நாங்கள் மாற்றி வைத்திருந்தோம்!

திருத்திப் போட்டோம். என் செவ்வாய் ஏழாம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆறாம் வீட்டில் சமர்த்தாக உட்கார்ந்தது. தோஷம் போச்சு. அண்ணியின் தோஷமும் போச்சு. நான் நாற்காலியில் ஏறிக் குதித்தேன். எதற்கென்று தெரியாமலே ஆ லெக்கும் குதித்தான். கீழேயிருந்து காதர் பாய் கூரையைத் தடியால் இடித்தார்.

“அண்ணே, உடனே பாக்கியம் அம்மாவக் கூப்பிட்டுத் தப்பு நம்மளோடதுன்னு சொல்லுங்க.”

அண்ணன் முகம் சுருங்கியது. “தப்புன்னு ஏன் சொல்லணும்? புது வெர்ஷன் வந்திருக்குன்னு சொல்லுவோம்.”

“உங்க வாயில தப்புங்கிற வார்த்தை வருமா வராதா?”

“வெர்ஷன் டூ” என்றார் பிடிவாதமாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அந்தக் கேரியரை நான் அவர் தலையில் கவிழ்க்காதது பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

வியாழக்கிழமை தாமு எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைக் கூட்டிவந்தார். பாக்கியம் அம்மா செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். பிரிண்டர் சுருக்கமாகக் கத்தியது. பொருந்தும்!

அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பழைய தாளை எடுத்துப் புதிய தாளின் பக்கத்தில் வைத்தார்.

“அன்னைக்குப் பொருந்தாது. இன்னைக்குப் பொருந்தும். நடுவுல செவ்வா வீடு மாத்திக்கிட்டுப் போயிட்டானா?”

“அதும்மா, இது வெர்ஷன் டூ...”

“தம்பி.” ஆயாக் கொட்டாய்க் குரல் வந்துவிட்டது. “நான் முப்பது புள்ளைங்கள மேய்க்கிறவ. மண்ணத் தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டு நிக்கிற புள்ள எப்படி முழிக்கும்னு எனக்குத் தெரியும். உங்க ஆபீஸ் பொண்ணுன்னு மாத்தி எழுதிட்டீங்களா?”

தாமு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த அம்மா இப்போது எழுந்து போனால் எல்லாம் முடிந்தது. நான் அண்ணனையே பார்த்தேன்.

“தப்பு பண்ணிட்டேம்மா” என்றார். “பழைய மணிய மறந்துட்டேன். அரை மணி நேரம் சேர்த்துக் கூட்டிட்டேன். இந்தப் பொண்ணு எதையும் மாத்தல. தப்பு என்னோடது.”

பாக்கியம் அம்மா அவரையே பார்த்தார். “பழைய மணியா...” என்று தலையை ஆட்டினார். அந்தக் கூத்தை அவரும் பட்டவர்தானே. “சரி. அப்ப இப்ப சொல்றது மட்டும் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“இவ பொறந்த நேரம் சரியா இருந்தா, இதுவும் சரி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஒன் நேரத்த யாரு குறிச்சா?”

“எங்கப்பாதாங்க. ரப்பர்ப் பால் ஏத்துற லோரி வந்து நின்னப்ப பொறந்தேன்னு சொல்லுவாரு. அது காலையில ஒன்பதே கால்னு அவர் கணக்கு.”

பாக்கியம் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பால் லோரியா! ஏம்மா, அது என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? மழை பேஞ்சா மத்தியானம் வரும்!”

“கொஞ்சம் முன்ன பின்ன போட்டுப் பாரு, சரோ” என்றார் அண்ணன்.

பார்த்தேன். கால் மணி நேரம் முன்னால் போட்டால் பொருந்தாது. கால் மணி நேரம் பின்னால் போட்டால் பொருந்தும். திரையிலேயே மாற்றி மாற்றித் தட்டினேன். செவ்வாய் ஏழுக்கும் ஆறுக்கும் கபடி ஆடிக்கொண்டிருந்தது.

“இப்ப எதுதான் தம்பி நெசம்?” என்றார் பாக்கியம் அம்மா.

ராஜன் அண்ணன் வாயைத் திறந்தார். ‘ஆகும்’ வரப்போகிறது, ‘யோசிக்குது’ வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியாதும்மா” என்றார்.

எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தாரோ, சொன்னதும் அவர் தோள் இரண்டும் இறங்கின. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. “சத்தியமா எனக்குத் தெரியாது. மிஷினுக்கும் தெரியாது. பொருந்தும், பொருந்தாதுங்கிற ரெண்டு வார்த்தையத் தவிர வேற எதையும் சொல்ல அதுக்கு நாங்க கத்துக்குடுக்கல” என்று சிரித்தார்.

மூலையில் நின்ற ஆ லெக் என் கையைச் சுரண்டி, என்ன நடக்கிறது என்று கேட்டான். மலாயில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பாஸ் வாயில் தாக் தாவா! “தாக் தாவுக்குத் தமிழில் என்ன?” என்று கேட்டான். சொன்னேன். எழுத்துக் கூட்டவும் சொன்னான். கூட்டினேன். விசைப்பலகையை இழுத்துப் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்துவிட்டுப் பட்டனைத் தட்டினான்.

பிரிண்டர் கத்தியது. இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ‘பொருந்தும்’ என்பதைவிட நீளம், ‘பொருந்தாது’ என்பதைவிடக் குட்டை. எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்து எழுத்து.

“என்னா போட்டிருக்கு? வாசி” என்றார் பாக்கியம் அம்மா.

“தெரியாதுன்னு போட்டிருக்குங்க.”

அவர் அந்தத் தாளை வாங்கினார். பிறகு மூன்று தாள்களையும் சேர்த்து மேசை ஓரமாகத் தள்ளினார்.

“நல்ல மிஷினு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுது பாரு” என்றார். “இனிமே இதக் கேட்டுப் புண்ணியமில்ல. ஏம்மா, ஒன்னையே கேக்குறேன். எம்மகன் ஆலையிலேருந்து வந்தா வீடெல்லாம் எண்ணெ நாத்தம் அடிக்கும். வாய் செத்தவன். தேத்தண்ணி குடிச்சே காசக் கரைக்கிறவன். இவனோட குடும்பம் நடத்த முடியும்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

சுவரில் ஒட்டியிருந்த தாமு மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.

“தெரியும்” என்றேன்.

பாக்கியம் அம்மா எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். தாமு படியில் தடதடவென்று இறங்கினார், காதர் பாயிடம் சொல்வதற்கு. ஆ லெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான். அதை வைத்தே என்னைக் கேட்டான்.

“சரோ, தெரியாது?”

“இல்ல ஆ லெக், தெரியும்” என்றேன், அழுதுகொண்டே.